எண்ணாமல் எழுதிய எழுபத்தாறு

லுசுங்கு லோங்வே ஒருவரின் மணிக்கட்டைப் பிடித்தால் போதும், உள்ளே நடப்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று ஏரிக்கரை ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு சும்மா வந்ததல்ல. மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், பிரசவமாகி வீட்டுக்குக் கிளம்பத் துணி மடித்துக்கொண்டிருந்த ஒருத்தியின் கையைத் தற்செயலாகத் தொட்டவள், "இவ போகக் கூடாது, இதயம் நொண்டுது" என்று தடுத்துவிட்டாள். டாக்டர் சிரித்தார். அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணுக்கு மூச்சு முட்டி வாயில் நுரை வந்தது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்ததால் பிழைத்தாள். அதற்கப்புறம் 'நியாலோங்வே' என்று அவளைக் குலப்பெயரால் கூப்பிடுகிறவர்கள் கொஞ்சம் குரலைத் தணித்துத்தான் கூப்பிட்டார்கள். சந்தையில் தக்காளி விற்கிறவள்கூட முதலில் கையை நீட்டி, "பாருங்க சிஸ்டர்" என்பாள். அப்புறம்தான் தக்காளி.

அந்தக் காலத்தில் அவள் உண்மையிலேயே எண்ணினாள். முக்கியமாக, டிஜாக்ஸின் சாப்பிடுகிற இதய நோயாளிகளுக்கு. அந்த மாத்திரை தறிகெட்டு ஓடும் இதயத்தை அடக்கி நடத்துவது. கொஞ்சம் மிஞ்சினாலும் அடக்குகிற கை கழுத்தை நெரிக்க ஆரம்பித்துவிடும். அதனால் ஒவ்வொரு வேளையும் கொடுப்பதற்கு முன்னால் நெஞ்சில் குழல் வைத்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே போனால் மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டரைத் தேட வேண்டும். நர்ஸ் வேலை படிக்க வந்த பெண்களுக்கு இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டவளே அவள்தான்.

பெண்கள் வார்டில் கட்டில் நாற்பது. ஆட்கள் ஐம்பதுக்குக் குறைந்த நாளே கிடையாது. மிச்சப் பேர் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். பகலில் இரண்டு நர்ஸ், சில நாள் ஒன்று. முழு நிமிஷம் அரை நிமிஷமாயிற்று, அதை இரண்டால் பெருக்கினாள். அரை நிமிஷம் கால் நிமிஷமாயிற்று, நாலால் பெருக்கினாள். பிறகு ஒரு காலத்தில் இரண்டு விரல் மணிக்கட்டில் பட்டதுமே அடுத்த கையிலிருந்த பேனா எழுத ஆரம்பித்துவிட்டது. எழுபத்திரண்டு, எழுபத்தாறு, எழுபத்தினாலு. யாரும் எதுவும் கேட்காத எண்கள். எந்த நாளிலிருந்து இப்படி ஆயிற்று என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஒன்பது வருஷம் இன்சார்ஜாக இருந்தாள். ஒருமுறை மாவட்டத்தின் சிறந்த நர்ஸ் என்று மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். அன்றைக்கும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் மழை பிடித்த வாரத்தில், சட்டையில் தலைகீழாகக் குத்தியிருந்த அவளுடைய கடிகாரம் நாலு இருபதில் நின்றுபோயிற்று. பாட்டரி மாற்ற வேண்டும் என்று நினைத்தாள். மூன்று வாரம் நினைத்துக்கொண்டே இருந்தாள். அதனால் அவள் வேலையில் ஒரு குறையும் யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் தெம்வா கமங்கா பன்னிரண்டாம் கட்டிலுக்கு வந்தாள். இருபத்தெட்டு வயசு. ஏரியிலிருந்து வரும் உசிப்பாப் பொடிமீனைப் பரண் போட்டுக் காயவைத்து விற்கிறவள். சின்ன வயசில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்து வால்வு ஒன்றைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. கால் வீங்கி, படுத்தால் மூச்சுத் திணறி வந்தவளுக்கு டிஜாக்ஸினும், நீரை வடிக்கிற மாத்திரையும் எழுதினார்கள். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. கூட இருந்து பார்த்துக்கொள்ள அவள் அப்பாவின் அக்கா வந்திருந்தாள். நெட்டையான, வாய்த்துடுக்கான அறுபது வயசு மனுஷி. அண்ணன் தம்பிப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் அத்தை. வார்டும் அவளை அத்தை என்றே கூப்பிட்டது.

இரண்டாம் வாரம் தெம்வா தட்டைத் தள்ளினாள்.

"களி வாடையே ஆக மாட்டேங்குது சிஸ்டர். மீனைப் பாத்தாலே குமட்டிக்கிட்டு வருது."

"மீன் காயப்போடறவளுக்கு மீன் நாறுதாம்! கேட்டீங்களாடி?" என்று லுசுங்கு வார்டைப் பார்த்துச் சொன்னாள். வார்டு சிரித்தது. தெம்வாவும் சிரித்தாள்.

மறுநாள் காலை மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது தெம்வா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "எல்லாம் மஞ்சளாத் தெரியுது சிஸ்டர். உங்க சட்டைகூட."

"சட்டை பழசாயிடுச்சுன்னு நேராவே சொல்லேன். எனக்கென்ன கோவமா வரப்போகுது?"

மறுபடி சிரிப்பு. இரண்டு விரல், ஒரு பேனா. எழுபத்தாறு. மாத்திரையும் தண்ணீரும் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அந்த வியாழக்கிழமை பத்து மணி மாத்திரையும் அப்படித்தான் போயிற்று. பதினொன்றரைக்குக் குளித்துவிட்டு வந்த தெம்வா வார்டு வாசலிலேயே துணி நழுவுவதுபோலச் சரிந்தாள். அத்தை போட்ட கூச்சலில் சமையல்கூடத்திலிருந்துகூட ஆட்கள் ஓடிவந்தார்கள். முதலில் போய்ச் சேர்ந்தது வெஸி, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷமே ஆன நர்ஸ். குழலை நெஞ்சில் வைத்தவள் முகம் வெளுத்துத் திரும்பினாள். "முப்பத்தினாலு, டாக்டர்."

கோண்ட்வே டாக்டர் ஊசி போடச் சொல்லிக்கொண்டே சார்ட்டை எடுத்தார். பொறுமைசாலி. அதிர்ந்து பேசத் தெரியாதவர். எண்களின் மேல் விரலை ஓட்டினார். "எழுபத்தாறு, எழுபத்தினாலு, எழுபத்தாறு. காலைலகூட எழுபத்தாறு. ஒன்றரை மணி நேரத்துல எப்படி இப்படி விழும்?"

அந்த ஒரு கணத்தில் லுசுங்குவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாத்திரை மிஞ்சினதற்கு அடையாளமான குமட்டல், மஞ்சள் பார்வை, நீர் மாத்திரை உடம்பிலிருந்து உப்புச்சத்தை இழுத்துக்கொண்டு போயிருக்கும் கணக்கு, எல்லாம் வரிசையாக வந்து நின்றன, அவளே கரும்பலகையில் எழுதிப் போட்ட வரிசையில். ஆனால் அவளுடைய வாய் அவளை முந்திக்கொண்டது.

"கூட இருக்கறவங்க என்ன குடுத்தாங்கன்னு கேளுங்க டாக்டர்."

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள்.

பார்வையாளர் நேரம் அது. கதவடியில் ஜனம் நெருக்கியடித்து நின்றது. லுசுங்கு தானே போய் அத்தையின் மூட்டையை இழுத்து, தரையில் வைத்துப் பிரித்தாள். ஒரு சீப்பு, உப்புப் பொட்டலம், மாற்றுத் துணி, அட்டை கிழிந்த பைபிள். துணி மடிப்புக்குள்ளே சின்ன முடிச்சு ஒன்று. அவிழ்த்தால் பழுப்பு நிறத்தில் வேர்ப்பொடி.

"அது என் முட்டிக்குத் தேய்க்கறது. வாயில போடறது இல்ல" என்றாள் அத்தை.

"இப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க" என்றாள் கதவடியில் நின்ற ஒருத்தி. "எங்க ஊர்லயும் ஒருத்தி கொழுந்தியாளுக்கு இப்படித்தான் குடுத்து..."

"என் தம்பி பெத்த பொண்ணுக்கு நானா வெஷம் வைப்பேன்? என் மடியில வளர்ந்தவடி அவ!" அத்தை லுசுங்குவைப் பார்த்துத்தான் கத்தினாள். "நீயும் ஒரு குலத்துல பொறந்தவதானே, நியாலோங்வே? நீயே சொல்லு!"

லுசுங்கு முடிச்சை மறுபடி கட்டித் தன் பையில் போட்டுக்கொண்டாள். காவலாளி வந்து அத்தையின் முழங்கையைப் பிடித்தான். சிதறிக் கிடந்ததை மூட்டையாகக் கட்டக்கூட அவளை விடவில்லை, அப்படியே வாரிக்கொண்டுதான் வெளியே போனாள். யாரோ ஒருத்தி சீப்பை அவள் பக்கம் காலால் தள்ளிவிட்டாள்.

டிஜாக்ஸினையும் நீர் மாத்திரையையும் நிறுத்தினார்கள். வேளை தவறாமல் ஊசி போட்டார்கள். ரத்தத்தை மிசூசு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பொட்டாசியம் என்கிற உப்புச்சத்து அடிமட்டத்தில் இருக்கிறது என்று பதில் வந்தது. அதைத் துளித்துளியாக, அளந்து ஏற்றினார்கள். நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பத்தொன்று என்று ஊர்ந்து ஊர்ந்து மேலே வந்தது நாடி. சனிக்கிழமை காலையில் தெம்வா கஞ்சி கேட்டாள். அப்புறம், "அத்தை எங்க?" என்று கேட்டாள். வெஸி கஞ்சி கொண்டுவரப் போய்விட்டாள்.

அந்த இரண்டு நாளும் லுசுங்கு வெஸியின் கடிகாரத்தை இரவல் வாங்கி எண்ணினாள். நெஞ்சில் குழலை வைத்து முழு நிமிஷம். தெம்வா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"இது வேற கடிகாரமா சிஸ்டர்?"

"ஆமா. ஏன்?"

"முள்ளு ஓடுதே, அதான் கேட்டேன். பழசு ஓடவே இல்லியே. நான் படுத்திருக்கற எடத்துக்கு அது கண்ணுக்கு நேரா தொங்கும். தினமும் நாலு இருபது."

லுசுங்குவின் காது மடல் சுட்டது. "ஏன்டி, அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்களுக்குக் கடிகாரம் வேண்டாம்னு நெனச்சேன்" என்றாள் தெம்வா. அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. "நீங்க தொட்டாலே தெரிஞ்சுடும்னு ஊரே சொல்லுதே."

அவள் ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம். லுசுங்கு துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அடுக்கி வைத்த போர்வைகளில் முகத்தைப் புதைத்தாள். அழுகை வரவில்லை. எண்ணாமல் விட்டது தப்பு. அது தெரிகிறது. ஐம்பது பேரையும் இரண்டு நர்ஸையும் அதற்குச் சாட்சியாகக் கூப்பிடலாம். ஆனால் அந்த வாய்? ஒரு நொடிகூட யோசிக்காமல், பக்கத்தில் நின்ற ஏழைக் கிழவியின் தலையில் தூக்கிப் போட்டதே, அதற்கு யாரைக் கூப்பிடுவது? தனக்குள் இப்படி ஒருத்தி குடியிருக்கிறாள் என்று நாற்பத்தாறு வயசு வரை தெரியாமல் போனது அவளைக் கூசவைத்தது.

இருந்தும் வாயைத் திறக்கவில்லை. தெம்வாதான் பிழைத்துவிட்டாளே, அத்தையும் நாளடைவில் மறந்துவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு ஆரம்பித்தபோது பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். வேர்ப்பொடி முடிச்சு இன்னும் அவள் பையிலேயே இருந்தது. எறியவும் முடியவில்லை.

திங்கட்கிழமை காலை எல்லா வார்டு நர்ஸுகளும் டாக்டர்களும் கூடும் கூட்டத்தில் மேட்ரன் சிர்வா அம்மா பன்னிரண்டாம் கட்டில் சார்ட்டை உயர்த்திப் பிடித்தாள்.

"பாருங்க எல்லாரும். ஒரு வேளை விடாம பல்ஸ் எழுதியிருக்கு. இப்படி எழுதினதாலதான் தப்பு நம்ம பக்கம் இல்ல, வெளியிலருந்து வந்ததுன்னு தெரிஞ்சது. நியாலோங்வேகிட்ட கத்துக்கோங்க."

கை தட்டினார்கள். லுசுங்கு எழுந்து நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்துத் தட்டலை நிறுத்தினார்கள்.

"அந்த நம்பரெல்லாம் நான் எண்ணினது இல்ல" என்றாள்.

"என்னது?"

"கை வெச்சேன், எழுதினேன். ஒரு நாள்கூட எண்ணலை. என் கடிகாரம் மூணு வாரமா ஓடலை. அந்த அத்தை ஒண்ணும் குடுக்கலை. நான்தான் குடுத்தேன், தினமும் ஒண்ணு."

கோண்ட்வே டாக்டர் மெதுவாகக் கேட்டார். "அவளுக்கு எல்லாம் மஞ்சளாத் தெரிஞ்சுதுன்னு பக்கத்துக் கட்டில்ல சொன்னாங்க. அதை யார்கிட்ட சொன்னா?"

"என்கிட்ட."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"சிரிச்சேன்."

அப்போது பின்வரிசையில் யாரோ விம்மும் சத்தம் கேட்டது. வெஸி. "நான் எண்ணினேன் மேடம்" என்றாள். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ஐம்பத்திரண்டு வந்துது. மறுபடி எண்ணினேன், அப்பவும் ஐம்பத்திரண்டு. சார்ட்டுல மேல் வரியில சிஸ்டர் எழுபத்தாறுன்னு எழுதியிருந்தாங்க. அவங்களுக்கா தப்பும், எனக்குத்தான் எண்ண வரலைன்னு எழுபத்தினாலுன்னு எழுதிட்டேன்."

லுசுங்கு திரும்பி வெஸியைப் பார்த்தாள். அந்தப் பெண் சரியாக எண்ணியிருக்கிறாள். தன் பேரைக் கண்டு பயந்து, கையில் கிடைத்த உண்மையைக் கீழே போட்டிருக்கிறாள்.

மறுநாள் மினிபஸ் பிடித்து அத்தையின் ஊருக்குப் போனாள். மீன் பரண்களுக்கு நடுவே அத்தை சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். லுசுங்கு மண்ணில் மண்டியிட்டு, முடிச்சை இரண்டு கையாலும் நீட்டி, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அத்தை உட்காரச் சொல்லவில்லை. முடிச்சை வாங்கவும் இல்லை.

"பம்புல தண்ணி பிடிக்க நான் இப்ப வரிசையில நிக்கறதே இல்ல, தெரியுமா?" என்றாள். "நான் வந்தா எல்லாரும் ஒதுங்கி வழி விடறாங்க. பெரிய மனுஷி ஆயிட்டேன்னு நெனச்சுக்கட்டுமா?"

"என்னை மன்னிச்சிடுங்க அத்தை."

"இங்க வந்து மீனுக்குக் கேக்கற மாதிரி மெதுவாச் சொல்ற. ஜனத்துக்கு முன்னாடிதானே மூட்டையப் பிரிச்ச? ஜனத்துக்கு முன்னாடி கட்டு."

அடுத்த நாள் பார்வையாளர் நேரத்தில் அத்தை வந்தாள். அதே மூட்டை, அதே சாமான்கள். வேண்டுமென்றே பிரித்தபடி கொண்டு வந்திருந்தாள். வார்டு நடுவில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். லுசுங்கு கட்டில்களுக்கு நடுவே நின்று சொன்னாள். முதலில் முணுமுணுப்பாகத்தான் வந்தது. "சத்தமா" என்றாள் அத்தை. மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

முதலில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். எதற்கென்று தெரியாது. அப்புறம் மூலைக் கட்டிலிலிருந்து ஒரு தாய் எழுந்தாள். "அப்ப என் பொண்ணு சீட்டுல எழுதினது?"

"அதுவும் எனக்குத் தெரியாதும்மா."

"போன மாசம் செத்துப்போனாளே, எட்டாம் கட்டில்... அவளுக்கு?"

எட்டாம் கட்டில்காரிக்கு வேறு நோய், அவளுக்கு டிஜாக்ஸினே கொடுக்கவில்லை. ஆனால் அன்று அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? லுசுங்கு குனிந்து சீப்பையும், உப்பையும், பைபிளையும், கடைசியில் அந்த முடிச்சையும் மூட்டைக்குள் வைத்துக் கட்டினாள். அத்தை மூட்டையை வாங்கிக்கொண்டு போய்த் தெம்வாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

விசாரணை நடந்தது. இன்சார்ஜ் பதவி போயிற்று. எட்டு மாதம் கருவிகளை வேகவைக்கிற அறையில் போட்டார்கள். ஆவியிலும் சூட்டிலும் அவள் முனகாமல் வேலை செய்தாள். வெஸிக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். அதற்கு லுசுங்கு மேட்ரனிடம் மூன்று முறை போய்க் கெஞ்சியிருந்தாள். வெஸி அவளைப் பார்த்தால் தலையசைப்பாள். முன்போல் அருகே வந்து பேசுவது நின்றுவிட்டது.

ஊர் சும்மா இருக்குமா? பேர் வைத்துவிட்டது. தக்காளிக்காரி ஒருநாள் கையை நீட்டி, "எழுபத்தாறா சிஸ்டர்?" என்றாள். சுற்றியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லுசுங்கு தலையைக் குனிந்துகொண்டு தக்காளியைப் பொறுக்கினாள். சிலர் சந்தைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, "எழுபத்தாறு!" என்று கூப்பிடுவார்கள். அவள் திரும்பிப் பார்ப்பாள். திரும்பாமல் போக அவளுக்கு உரிமை இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

எட்டு மாதம் கழித்து வார்டுக்குத் திரும்பினாள், சாதாரண நர்ஸாக. மாதாமாதம் நடக்கும் இதய நோயாளிகள் கிளினிக்கிலும் அவளைப் போட்டார்கள். மருந்து வண்டி அவளிடம் வந்தால் நேரம் இழுக்கும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். வாந்தி என்றாலும், பசியில்லை என்றாலும், கண்ணில் எதுவோ என்றாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்பாள். இரண்டு தடவை டாக்டரை வீண் அலைச்சல் அலையவிட்டாள் என்று பேச்சும் வாங்கினாள்.

அந்தக் கிளினிக்குக்கு ஒரு நாள் தெம்வா வந்தாள். மாத்திரை அளவைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். முகம் தெளிந்து, கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அத்தையும் கூட வந்திருந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பது லுசுங்கு என்று தெரிந்ததும் தெம்வா தயங்கி அத்தையைப் பார்த்தாள்.

"உக்காரு" என்றாள் அத்தை. பிறகு லுசுங்குவிடம், "எண்ணு. நான் பாத்துக்கிட்டுத்தான் நிக்கறேன்" என்றாள்.

லுசுங்கு குழலை வைத்தாள். ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது அப்படி ஒருவர் தலைக்கு மேல் நின்று பார்க்கும்போதுதான் தெரியும்.

"எத்தனை?"

"அறுபத்தாறு."

"எழுதறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை எண்ணு."

எண்ணினாள். அறுபத்தாறுதான். எழுதிவிட்டு, சீட்டைத் திருப்பி அத்தையின் பக்கம் நகர்த்தினாள். அத்தைக்கு எழுத்து தெரியும். குனிந்து நிதானமாகப் படித்துப் பார்த்தாள். பிறகு தெம்வாவின் கையைப் பிடித்து எழுப்பி, மினிபஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கூட்டிக்கொண்டு போனாள். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. லுசுங்குவும் அதை எதிர்பார்க்கவில்லை. வரிசையில் அடுத்து நின்றவளை உட்காரச் சொன்னாள்.